டயர் கடைக்கு வந்த ஒப்பந்தம்

என் ரூத் அக்காவுக்கு,

உனக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். நடந்ததில் எங்கள் ஆள் ஒருவரும் இருக்கிறார். எங்கள் ஆட்களும் படிக்கட்டும்.

ஓக்லந்தில் உன் பழைய டயர் கடை திறந்துதான் இருக்கிறது. இந்த வளைகுடாக் கரையில் எல்லோருக்கும் முன்பே வாழ்ந்த அமெரிக்கப் பூர்வகுடிகளான உன் மக்கள், யாரிடமும் அனுமதி கேட்காமல் வரையவும் அச்சடிக்கவும் பாடவும் ஓர் இடம் வேண்டுமென்று நீ பிடித்த கடை. நீ கண்ணை மூடிய பின் நிர்வாகக் குழுவில் உன் இடத்துக்கு உன் தங்கை டீனா வந்துவிட்டாள். மற்ற இருவர், உன் மக்களில் ஒருவரான ஓவியர் ரேயும் நானும். ஒப்பந்தங்களைப் படிப்பது என் உத்தியோகம் என்பதால் என்னைச் சேர்த்தாய். அதற்கு முன் இரண்டு வருடம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தாய். "இங்க உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பாய். நான் சொன்ன எந்தப் பதிலும் உனக்குப் பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுந்தர் என்று ஒருவர், எங்கள் பொங்கல் விழாக்களில் பார்த்த முகம். ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையில் வேலை பார்க்கிறார். அவர்கள் வளாகத்தில் புதிதாக எழும் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு தளத்தையே நம் கலைக்கூடத்துக்குத் தருகிறார்களாம். அதைச் சொல்ல டீனாவிடம் போகவில்லை. என்னிடம் வந்தார்.

"அக்கா, வாடகையே கிடையாது. லைட்டிங், பார்க்கிங் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. நீங்க சைன் பண்ணா மத்தவங்களும் பண்ணிடுவாங்க."

சும்மா தருகிறவன் எதற்குத் தருகிறான்? ஒப்பந்தத்தை வாங்கி வந்து, மறுநாள் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் ஓரிடத்தில் இருந்தது: எதைக் காட்சிக்கு வைக்கலாம் என்பதைக் கம்பெனி நியமிக்கும் குழு முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரும். "இந்த வளாகமே எங்கள் ஊர் இருந்த மண்" என்று டீனா ஒரு போஸ்டர் அடித்தால், அந்தக் குழு என்ன சொல்லும்?

சுந்தருக்கு போன் போட்டேன்.

"அது ஸ்டாண்டர்ட் லாங்குவேஜ்க்கா. யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க."

"யூஸ் பண்ணாததை எடுத்துடலாமே தம்பி?"

"லீகல்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க குழுவில இருக்கிற மத்தவங்களுக்கு இதெல்லாம் புரியாது. நாமதானே எடுத்துச் சொல்லணும்?"

நாம என்றால் யார் அக்கா?

டயர் கடைக்குப் போய் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ரே தூரிகைகளைக் கழுவப் போய்விட்டார். டீனா நன்றி சொல்லவில்லை. "அந்த ஆளு ஏன் உன்கிட்ட வந்தான்? உன்கிட்ட என்னத்தைப் பாத்தான்?" என்றாள்.

காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடம் கூட இருந்ததற்கு இதுவா? ஆனால் ஃப்ரீவேயில் வீடு வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. டீனாவிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்த வரியைப் படிப்பதற்கு முந்தைய நாள் முழுக்க, கண்ணாடிச் சுவரில் என் பெயரும் இருப்பதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுந்தர் அதைத்தான் பார்த்தாரோ?

அடுத்த கூட்டத்தில் மூவரும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டோம். இனி இங்கே உன் மக்களுக்கு மட்டுமே ஓட்டு என்று விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, நான் குழுவிலிருந்து விலகினேன். டீனா அதை இரண்டு முறை படித்தாள்.

"பேப்பர் ஏதாவது வந்தா படிச்சுச் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சரி. ஆனா இன்னொருத்தர்கிட்டயும் காட்டுவேன்."

சிரிக்கக்கூட இல்லை. அச்சு அசல் நீதான்.

கூரை இன்னும் ஒழுகுகிறது. சுந்தர் இப்போது என் போனை எடுப்பதில்லை. அந்தத் தளத்துக்கு வேறொரு குழுவைத் தேடுவதாகக் கேள்வி. அங்கே யார் கையெழுத்துப் போடப் போகிறார்களோ?

வரும் தாள்களையெல்லாம் படிப்பேன் அக்கா. எழுதியிருப்பதைச் சொல்வேன், என்ன செய்வதென்று சொல்ல மாட்டேன். டீனா கடைசி வரை என்னை நம்பாவிட்டாலும் போவேன்.

கூடப் பிறக்காத உன் தங்கை,
செல்வி