இலவசக் கடையில் ஒரு மேலங்கி

1967 ஜூன் 24, சனி. சாக்ரமெண்டோ
புல்வெளியை வெட்டினேன். மகள் ரோசலிண்டின் கிதார் ஒலிபெருக்கியைத் துடைத்தேன். ஏப்ரலில் அவள் சான்பிரான்சிஸ்கோவுக்கு ஓடிப்போனபோது விட்டுச் சென்றது. இரவு ஒன்பதுக்கு மேல் வாசிக்கக் கூடாது என்பது என் விதி. அதை மீற இப்போது வீட்டில் ஒருவருமில்லை.

ஜூலை 1, சனி
சான்பிரான்சிஸ்கோ சென்றேன். இங்கே வெயில்; அங்கே மூடுபனி, குளிர்காற்று. ஹெய்ட் தெருவில் ஓர் இலவசக் கடை. விலையில்லை, கல்லாவில்லை, வேண்டியதை எடுக்கலாம், வேண்டாததை வைக்கலாம். ரோசலிண்டின் பச்சைக் கம்பளிச் சட்டை அங்கே தொங்கியது.

"இங்கே பொறுப்பாளர் யார்?"

மணிமாலை அணிந்த தாடிக்காரன் சிரித்தான். "கேக்குறவங்கதான் பொறுப்பு. இப்போ நீதான், பெருசு!"

"இது என் மகளுடையது."

"ரோஸா? அடிச்சு நொறுக்குமே கிதாரை! எங்க தங்கியிருக்குன்னு மட்டும் கேக்காத. வீட்டை விட்டு வந்தவங்களை நாங்க காட்டிக்குடுக்கிறதில்ல."

"அவளுக்குக் குளிருமே."

"அப்ப எதையாவது வச்சுட்டுப் போயேன்."

என் சாம்பல்நிற மேலங்கியைக் கழற்றி, பொத்தான்களைப் போட்டு மாட்டினேன். காலமாவதற்கு முன் என் மனைவி வின்னிஃப்ரெட் அதன் கழுத்துப்பட்டைக்குள் என் பெயரைத் தைத்திருந்தாள். ரசீது எழுதி வாங்காமல் எதையும் நான் கொடுத்ததில்லை. இன்று கேட்கத் தோன்றவில்லை. பச்சைச் சட்டையை எடுக்கவில்லை — அவள் திரும்பி வந்து தேடினால்?

ஜூலை 2
கடுஞ்சளி.

ஜூலை 8
தொலைபேசி பழுதா என்று சோதித்தேன். பழுதில்லை.

ஜூலை 15, சனி
பிற்பகலில் மணி அடித்தது. மறுமுனையில் தாளச் சத்தம், கூச்சல், நடுவே விம்மல்.

"அப்பா? அப்பாதானா பேசுறது?"

"நான்தான். ஏன் அழறே?"

"குளிருதுன்னு ஒருத்தன் கடையிலிருந்து கோட்டு கொண்டாந்து குடுத்தான்ப்பா. காலருக்குள்ள உங்க பேரு, அம்மா தச்சது. நீங்க செத்துப் போயிட்டீங்கன்னே நெனச்சுட்டேன். உயிரோட இருந்தா நீங்க ஒரு பொருளைச் சும்மா குடுப்பீங்களா?"

"குடுத்தேன்டா கண்ணு. இருக்கேன்."

அழுகைக்கிடையே சிரித்துவிட்டாள். "அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பூங்காவுல வாசிக்கிறோம். வந்தா காதுல பஞ்சு வச்சுக்குங்க. ஐயோ, கூப்பிடுறாங்க!"

ரிசீவரைத் தொங்கவிட்டே ஓடிவிட்டாள். தொலைவில் ஒரு கிதார் அலறத் தொடங்கியது. அவளுடையதா? தெரியாது. இணைப்பு அறுபடும்வரை நின்றே கேட்டேன்.

ஜூலை 22, சனி
ஒலிபெருக்கியை வண்டியில் ஏற்றியாயிற்று. பஞ்சு எடுத்துக்கொள்ளவில்லை.