மூன்று பந்தும் முதல் மார்க்கும்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா நலம். இந்த நெப்ராஸ்கா மாநிலத்திலேயே என் அளவுக்குச் சோளம் விளைவித்தவன் கிடையாது.

அமெரிக்கக் கால்பந்தில் உன்னைப் போல் டைட் எண்ட் இடத்தில் ஆடுகிறவனுக்கு எதிராளியை முட்டித் தள்ளுவதுதான் வேலை, பந்து எப்போதாவதுதான் வரும். கல்லூரி அணியில் நான்கு வருடத்தில் உனக்கு மூன்று பந்து வந்தது. ஊரில் நான் முப்பது என்றேன். மூன்று தடியர்கள் மேலே விழுந்துதான் உன் முழங்கால் போனது என்றும் சொல்லிவைத்தேன்.

இந்தக் கதைகளால் ஊரில் தலைகாட்ட முடியாது, நன்றித் திருநாளுக்கு வரமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம்.

அதனால் நேற்று நம் ஊர் முடிவெட்டுகிறவன் ஆர்விலின் கடையில், ஆறு பேர் முன்னால், உண்மையைச் சொன்னேன். என் மருமகன் பிடித்தது மூன்றே பந்து. முழங்கால் பயிற்சியில் தானாக மடங்கியது. இனி ஆட்டம் இல்லை. ஆனால் மண்ணியல் படிப்பில் வகுப்பிலேயே அவன்தான் முதல்.

ஆர்வில் கத்தரியை நிறுத்திவிட்டான். "மூணு பந்துன்னா சரி, நாங்களும் டிவி பார்த்தோம்ல. முழங்காலும் சரி. உங்க வம்சத்துல ஒருத்தன் படிப்புல முதலா? அளக்குறதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா!"

கடையே சிரித்தது.

மருமகனே, அவசியம் வா. மார்க் பட்டியலையும் எடுத்து வா. வாழ்க்கையில் முதல்முறையாக என் கையில் ஒரு ஆதாரம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்