பக்கத்துல உட்காருங்க

என்னங்க,

நேத்து என்னைப் பார்க்க அக்கா வீட்டுக்கு வந்தீங்களா, இல்லை அவளோட மிக்ஸியைப் பார்க்க வந்தீங்களா? "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி. "பரவாயில்லை"ன்னு நான் சொன்னதுதான் தாமதம், கிச்சனுக்குப் போய் அதைக் கழற்ற உட்கார்ந்துட்டீங்க. கிளம்பும்போது, "இனிமே சத்தம் வராது"ன்னு பெருமை வேற!

ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டு பேரும் வெறுங்கையோட வீடு திரும்பின அன்னிக்கும் இதே கூத்துதான். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நீங்க ஸ்டூல் மேல ஏறி ஃபேனைத் துடைச்சீங்க, ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாத்தினீங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல ஸ்டூலைத் தட்டி விட்டிருப்பேன்.

இங்கே வந்த மறுநாள் அக்கா என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லலை, முதுகுல கையை மட்டும் வெச்சிருந்தா. அப்பதான் எனக்கு அழுகையே வந்தது. எனக்கு வேண்டியது இதுதான்னு இத்தனை வயசுக்கு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?

"அவருக்கு அழத் தெரியலைடி, அதான் ஸ்க்ரூடிரைவரைத் தேடறார்"ங்கறா அக்கா. இருக்கட்டும். அதுக்காக நான் மிக்ஸியாவா மாற முடியும்?

ஞாயித்துக்கிழமை தொட்டிலைக் கழற்றி வெச்சிடறதா அவகிட்ட சொன்னீங்களாமே, நான் பார்த்தா தாங்க மாட்டேன்னு. தனியா அதைத் தொடாதீங்க. சனிக்கிழமையே நான் வந்துடறேன். முதல்ல அந்த ரூம்ல ரெண்டு பேரும் தரையில உட்காரலாம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அழுகை வந்தா மட்டும் எழுந்து போயிடாதீங்க.

கோபம் இன்னும் தீராத
உங்க வீட்டுக்காரி