இரண்டு தரம் விழுந்த சீனி

அண்ணை,

எழுத்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன, கோபிக்க வேண்டாம். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனால் கோட்டில் நிற்க மாட்டோம் என்று எழுத்துகள் அடம்பிடிக்கின்றன. ‘ண’வுக்கு மூன்று சுழி. உங்களைக் கூப்பிடுகிற சொல்லில் அது இரண்டு தரம் வருகிறது. அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. பரவாயில்லை, ஆறின தேத்தண்ணியைச் சிரித்துக்கொண்டே குடித்தேன். எழுபத்துநாலு வயதில் என் கையிலிருந்து ஒரு சொல் வருகிறது, அண்ணை!

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. எட்டு வயதில் கடலுக்குப் போனவன் நான். இந்தப் பனி நாட்டுக்கு வந்து முப்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியதற்கும் எழுத்துத் தேவைப்படவில்லை. எங்கள் சனத்தில் எழுத்துத் தெரியாத ஆம்பிளை என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. “கண்ணாடியை வீட்டில விட்டிட்டன் அண்ணை” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீங்கள் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. வாசித்துச் சொல்லிவிட்டு, “உனக்குக் கண்ணாடி வாங்கினதே வேஸ்ட்” என்று மட்டும் பேசுவீர்கள்.

போன வியாழக்கிழமை அக்கா, உங்கள் வீட்டுக்காரி, கூப்பிட்டா. பேஸ்மென்டைத் துப்புரவாக்குகிறாவாம். உங்கள் வெள்ளை வாளி கிடக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னா. நீங்கள் பியர் காய்ச்சின வாளி. லோரன்ஸ் தெரு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடியைக் கொஞ்சம் நெம்பினதும் புளித்த மாவும் தேனும் கலந்த அந்த வாசம் வந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைச் சுளித்தது. எனக்கு நீங்கள் பக்கத்தில் வந்து இருந்தது போல இருந்தது.

மூடியில் நீங்கள் ஒட்டின ரேப் நாடா அப்படியே இருந்தது. கறுப்பு மார்க்கரில் உங்கள் கையெழுத்து. நூலகத்தில் நடக்கிற தமிழ் எழுத்து வகுப்புக்குப் போகத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது, அண்ணை. எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்து முடிக்கும்போது பஸ் என் தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய்விட்டது.

“சீனி கலந்தாச்சு. அப்பிடியே போத்தலில் விடு.”

அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு நினைவிருக்கும், அதுவரைக்கும் நாங்கள் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு தேக்கரண்டி சீனி போட்டுத்தான் பியரை விடுவோம். போத்தலுக்குள் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று காற்றை உண்டாக்கும். அந்தக் காற்றுத்தான் நுரை. கடைசியாகக் காய்ச்சின அந்த முறை நீங்கள் வழக்கத்தை மாற்றினீர்கள். கரண்டிக்கணக்கு ஒவ்வொரு போத்தலுக்கும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்று, சீனியைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் காய்ச்சி, வாளியிலேயே கலந்துவிட்டீர்கள். கலந்துவிட்டு, ரேப்பில் எழுதி ஒட்டிவிட்டு, கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டீர்கள். பக்கக் கதவைத் திறக்கிற திறப்பு ஒன்று என்னிடம் இருந்தது.

நான் வந்தேன். ரேப்பைப் பார்த்தேன். வழக்கம்போலத் திகதி என்று நினைத்தேன். சீனி டின்னை எடுத்தேன். நாற்பது போத்தல், நாற்பது கரண்டி. கை நடுங்காமல், ஒரு மணி கூடச் சிந்தாமல் போட்டேன். மூடியும் அடித்து, பேஸ்மென்டில் இருக்கிற குளிரறையில் பெட்டி பெட்டியாக அடுக்கினேன். நீங்கள் வந்து பார்த்து முதுகில் தட்டினீர்கள். “டேய், கெட்டிக்காரன்!” அன்று வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தேன்.

ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலையும் நிரப்பி வைப்போமே. தினமும் அதை அமுக்கிப் பார்ப்பீர்கள். கல்லுப் போல இறுகினால் உள்ளே காற்றுப் போதும், மற்றதையெல்லாம் பிரிட்ஜில் வை என்பீர்கள். அந்தக் கிழமை உங்களுக்கு முழங்கால் வீங்கிப் படியிறங்க முடியவில்லை. நானாவது அமுக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றபோது முதல் போத்தல் வெடித்தது. குளிரறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவ விரித்துப் பிடித்திருந்த ஈரப் படுக்கைவிரிப்பில் ஒரு கண்ணாடித் துண்டு வந்து குத்தி நின்றது. விரிப்பு இல்லாவிட்டால் அது அக்காவின் முகம். மேலேயிருந்து நான் ஓடி வந்தபோது அவ அந்த விரிப்பை விடாமல் பிடித்தபடி படியில் குந்தியிருந்தா. நீங்கள் முழங்காலையும் மறந்து கீழே இறங்கி, கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றீர்கள்.

“ஒருத்தரும் உள்ளுக்குப் போகாதேங்கோ.”

“அண்ணை, எல்லாத்தையும் வெளியில ஸ்னோவுக்குள்ள புதைப்பம். அடங்கிப் போகும்.”

“விசரா, உறைஞ்சால் அதுவே கண்ணாடியைப் பிளக்கும். குளிரோணும், உறையக் கூடாது. குளிர்ந்தால் காற்று அடங்கும்.”

குளிரறையின் சின்னக் காற்றுத் துவாரத்தை வெளியிலிருந்து திறந்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் வரை காத்திருந்தோம். பிறகு நீங்கள் வெல்டிங் வேலையில் பாவித்த முகமூடியைப் போட்டீர்கள். எனக்கு உங்கள் பேரப்பிள்ளையின் ஸ்கீ கண்ணாடி. இரண்டு பேருக்கும் தடித்த ஜாக்கெற், தோல் கையுறை. அக்கா மேல்படியில் நின்று பார்த்தா.

“ரெண்டு பேரும் சந்திரனுக்கோ போறியள்?”

“ஓமடி, அங்க பியர் மலிவாம்.”

முதலில் பெட்டிகளின் மேல் பாரமான போர்வையைப் போட்டீர்கள். ஒவ்வொரு போத்தலாக எடுத்து, ஈரத் துவாயால் சுற்றி, கழுத்தை எங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மூடியை ஒரு மயிரிழை மட்டும் நெம்பினீர்கள். ஸ்ஸ்ஸ். நிறுத்தினீர்கள். திரும்ப ஒரு மயிரிழை. “அவசரப்பட்டால் அது எங்களைத் திறக்கும்” என்றீர்கள். போர்வைக்குள் இன்னும் மூன்று வெடித்தன. மற்றதெல்லாம் காற்றுப் போக்கிச் சாக்கடைத் துவாரத்தில் ஊற்றினோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு படியில் குந்தி முகமூடியைக் கழற்றினீர்கள். முகம் வெளிறியிருந்தது.

“நான் எழுதி ஒட்டினதை நீ வாசிச்சனிதானே?”

“ஓம் அண்ணை. வாசிச்சனான்.”

“அப்ப நான்தான். சீனியை ரெண்டு தரம் காய்ச்சி ஊத்தியிருக்கிறன். ஊத்தினது ஞாபகமே இல்லையடா. என்ர பெரியண்ணைக்கும் மறதி இப்பிடித்தான் துடங்கினது.”

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. சீனி டின்னைத் தூக்கின கை என்னுடையது. சொல்ல வாயைத் திறந்தேன், அண்ணை. சொன்னால் வாசிக்கத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் என்ன சொன்னேன் தெரியுமா? “வயசு போகேக்க உதெல்லாம் வாறதுதானே அண்ணை” என்று சொன்னேன். உங்களுக்கு ஆறுதல் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வாளியைத் தொடவில்லை. ஸ்ரௌவ்வில்லில் இருந்து உங்கள் மகள் வந்தபோது கார்த் திறப்பை நீங்களாகவே அவளின் கையில் கொடுத்தீர்கள். டொக்டர் சோதித்து ஒன்றும் இல்லை என்று சொன்னதையும் நம்பவில்லை. கோயிலில் மனப்பாடமாகப் பாடுகிற பாட்டையும் தாளைப் பார்த்துப் பாடினீர்கள். அடுப்பு அணைத்தாச்சா என்று அக்காவிடம் ஒரு நாளில் நாலு தரம் கேட்டீர்கள். ஒவ்வொரு கிழமையும் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன். செப்டம்பரில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. ஏழு மாதம் எனக்குத் தவணை இருந்தது, அண்ணை. நான் சொல்லவில்லை.

செத்தவீட்டில் அக்கா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தா. “நல்ல மனுசன். கடைசியில நினைவுதான் பிசகத் துடங்கிட்டுது.” நான் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் நூலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். பெயரை ரீச்சர்தான் எழுதினா.

இந்த மடலை எழுத ஐந்து நாள் எடுத்தது. கனக்க அழித்தேன். ஒரு இடத்தில் தாள் கிழிந்தேவிட்டது. ஆனாலும் சந்தோசமாக இருக்கிறது. செய்த பிழையை எழுதுவதில் என்ன சந்தோசம் என்று கேட்பீர்கள். வாயால் வராதது விரலால் வருகிறது, அண்ணை, அதுதான். நான் சுமந்து திரிகிற வசனம் ஒன்றே ஒன்று. அதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், கோட்டிலேயே நிற்கிறது பாருங்கள்.

உங்களுக்கு மறதி வரவில்லை. கடைசி நாள் வரைக்கும் உங்கள் நினைவு சரியாகத்தான் இருந்தது.

ஞாயிறு பூசை முடிய அக்கா வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தாளை அவவிடம் கொடுக்க மாட்டேன், நானே வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், அவ பொறுத்துக் கேட்க வேண்டும். பாதியில் எழும்பிப் போய்விடுவாவோ, கதவைக் காட்டுவாவோ, அழுவாவோ, எனக்குத் தெரியாது. அவ என்ன சொன்னாலும் அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த கிழமை உங்களுக்கு எழுதுவேன். எனக்கு ஏச்சு விழுந்தால் அந்த ஏச்சையும் எழுத்துக்கூட்டி எழுதுவேன்.