சுளுக்காத கணுக்கால்

அக்டோபர் 3, 1908. சனி.

எங்கள் கல்லூரி அணிக்கு அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டம். ஜெயித்தோம். என் கன்னத்தில் எவனோ பல்லைப் பதித்திருக்கிறான். பந்தை மார்போடு அணைத்தபடி விழுந்தால் மேலே ஏழெட்டுப் பேர் குவிகிறார்கள். அந்தக் குவியலுக்குள் நடப்பது நடுவருக்குத் தெரியாது. அணியில் கறுப்பன் நான் ஒருவன்தான், தேடிப் பிடிப்பது சுலபம். அடுத்த முறை எங்கள் அணித்தலைவன் டிர்க் வெர்ஹோஃப் முழங்கையோடு உள்ளே இறங்கி, "கடிக்கணும்னா என்னைக் கடிடா, நானும் கறிதான்" என்றான். சிரித்தேன். கன்னம் வலித்தது.

அக்டோபர் 13. செவ்வாய்.

மழை. திடல் முழுக்கச் சேறு. லத்தீன் வகுப்பில் தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 21. புதன்.

பயிற்சியாளர் கெஸ்லர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒரு நாளும் சொன்னதில்லை, அப்போதே புரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மிசூரியிலிருந்து வரும் அணி, திடலில் கறுப்பன் நின்றால் ரயிலை விட்டே இறங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதாம். எங்கள் கல்லூரித் தலைவரும் சம்மதித்துவிட்டாராம்.

"உனக்குக் கணுக்கால் சுளுக்குன்னு சொல்லிடலாம், ஹேம்லின். உனக்கும் கௌரவம், நமக்கும் தொந்தரவில்ல."

"எனக்கு எங்கயும் சுளுக்கலயே, கோச்."

"அது எல்லாருக்கும் தெரியும்ப்பா. சும்மா ஒரு பேச்சுக்கு."

எல்லாருக்கும் தெரிந்த பொய்யை நான் மட்டும் காலில் கட்டிக்கொண்டு நொண்ட வேண்டும். முடியாது என்றேன். நீ சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

கௌரவமாம். யாருக்கு?

அக்டோபர் 22. வியாழன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவது என் வேலை. எங்கள் அணி உட்கார்ந்த மேசைக்கு சூப் கொண்டுபோனேன். யாரும் நிமிரவில்லை. டிர்க் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கடித்தவனை மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

அக்டோபர் 24. சனி.

எழுதித்தான் தீர வேண்டும்.

ஆட்டம் தொடங்குமுன் அறிவிப்பாளன் ஒருவன் கூம்புக் குழலை வாயில் வைத்துக் கத்தினான்: ஹேம்லினுக்குக் கணுக்கால் சுளுக்கு, இன்று ஆடமாட்டார். பாவம் என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் உடுப்பைப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வந்தேன். பெஞ்சில் உட்காரவில்லை. கோட்டை ஒட்டி ஓட ஆரம்பித்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை, திரும்பி மறுபடி, முழு வேகத்தில்.

முதலில் சிரித்தார்கள். பிறகு பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், "இவனுக்குத்தானே கால் சுளுக்குன்னாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வரிசை வரிசையாக நகர்ந்ததை ஓடிக்கொண்டே கேட்டேன். சிரிப்பு அடங்கியது. மிசூரிக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கெஸ்லர் என் கையைப் பிடித்து இழுத்தார். "எல்லாரும் பாக்கறாங்கடா."

"பாக்கட்டும்னுதான் ஓடறேன், கோச்."

கையை உதறிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை ஓடினேன். கடைசியில் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தேன். அப்போது டிர்க்கைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் இல்லாமலே ஜெயித்துவிட்டார்கள். அதுதான் எரிகிறது. தோத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?

அக்டோபர் 25. ஞாயிறு.

தேவாலயத்துக்குப் போகவில்லை. ஜெபிக்கிற வாய் இல்லை எனக்கு இன்று.

அக்டோபர் 28. புதன்.

டிர்க் என் அறைக்கு வந்தான். ஏன் பயிற்சிக்கு வருவதில்லை என்று கேட்டான். கேட்கிறான் பார்! "அவன் இல்லாம ஆடமாட்டோம்னு உங்கள்ல ஒருத்தனாவது சொன்னீங்களாடா?" என்றேன்.

"சொல்லணும்னு தோணுச்சு."

"தோணுச்சுல்ல, வாய் எங்க போச்சு?"

தொப்பியைத் திருகினான். "பயந்துட்டேன். என்னையும் உக்கார வச்சிடுவாரோன்னு."

பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் சரி. பரவாயில்லை என்று நான் சொல்வேனென்று காத்திருந்தான். சொல்லவில்லை. பரவாயில்லையா என்ன?

நவம்பர் 7. சனி.

திரும்பப் போய் ஆடினேன். ஏன்? — போகாமல் இருந்தால் அந்தச் சுளுக்கு உண்மையாகிவிடும், அதனால். எதிராளிகளைப் பிளந்துகொண்டு கோட்டைத் தாண்டினேன். முதுகில் தட்ட வந்த கைகளைத் தள்ளிவிட்டேன்.

நவம்பர் 26. வியாழன். நன்றித் திருநாள்.

கடைசி ஆட்டமும் வெற்றி. இரவு வான்கோழி விருந்து. என்னையும் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். கெஸ்லர் எழுந்து அடுத்த வருடம் யார் யாரோடு ஆடப்போகிறோம் என்று அறிவித்தார். மிசூரி மறுபடியும் வருகிறது. நம் உபசாரம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம்.

இந்தத் தடவை எனக்கு எங்கே சுளுக்கப்போகிறது? பாதித் தட்டில் எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நவம்பர் 30. திங்கள்.

உடுப்போடு போனபோது அடுத்த வருட அணித்தலைவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் போடலாம் என்றார் கெஸ்லர். டிர்க் எழுந்து, "ஹேம்லின்" என்றான்.

"யோசிச்சுச் சொல்லு, டிர்க். காசு சுண்டறப்போ தலைவன்தான் நடுத்திடல்ல நிக்கணும். அவன் வராம எந்த ஆட்டமும் ஆரம்பிக்க முடியாது."

"தெரியும் கோச். அதனாலதான் சொல்றேன்."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லாக் கையும் இல்லை. தொடையில் அழுத்திக்கொண்டிருந்த கைகள் யாருடையவை என்று பார்த்து வைத்திருக்கிறேன். எழுந்தவை போதுமானவை.

நன்றி சொல்லவில்லை. வெளியே வந்ததும் டிர்க்கிடம், "இத அன்னிக்கே செஞ்சிருக்கணும்" என்றேன். "ஆமா" என்றான். இருவரும் சேர்ந்து நடந்தோம். உடுப்பு என் கையிலேயே இருந்தது.

டிசம்பர் 9. புதன்.

நடைவழியில் கெஸ்லர் நிறுத்தினார். புதுத் தலைவன் யாரென்று தெரிந்ததும் மிசூரிக்காரர்கள் அடுத்த வருடம் வரமாட்டோம் என்று எழுதிவிட்டார்களாம், அந்தச் சனிக்கிழமை காலியாகிவிட்டதாம். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று தலைவனிடம் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், நான் ஆடுவேன் என்றேன்.