துணிக் கரையில் என் பெயர்

அன்பு மகளுக்கு,

நீ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். ஆபீசில் கழித்துப்போட்ட லேப்டாப், சும்மா கிடந்தது, அதனால் உனக்கு அனுப்புகிறேன் என்றாய். கழித்துப்போட்ட சாமானுக்குத் திரைமேல் ஒட்டின தாள் உரிக்காமலே இருக்குமா? திரையில் வரைகிற பேனாவின் முனைகள் பொட்டலம் பிரிக்காமல் வருமா? சரி, அந்தச் சண்டையை நேரில் பார்க்கும்போது போட்டுக்கொள்ளலாம். இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் நீயாக ஒரு வரி எழுதமாட்டாய். அப்பாவுக்கு முட்டிவலி இருக்கிறது, பஸ்ஸில் கிளட்சை மிதித்து மிதித்து வந்தது, டாக்டரிடம் போகச் சொன்னால் வலி எனக்கா உனக்கா என்கிறார். லேப்டாப் வந்த அன்று அவர் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். நீ போனில் சொன்ன மாதிரியே திரையைப் பின்பக்கமாக மடக்கினேன், அவர் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "அய்யோ, வந்த அன்னைக்கே உடைச்சிட்டியே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அது அப்படி மடங்குவதற்கென்றே செய்தது என்று நம்பவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. பிறகு அவரே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மடக்கிக் காட்டுகிறார், தானே செய்த மாதிரி.

இப்போது முக்கியமான விஷயம். நான் ஜெயித்துவிட்டேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. எங்கள் கம்பெனியில் படுக்கை விரிப்புக்கும் திரைச்சீலைக்கும் பூவும் கொடியும் நாங்கள் மூன்று பெண்கள்தான் வரைகிறோம் என்பது உனக்குத் தெரியும். என் சம்பளச் சீட்டில் பத்தொன்பது வருஷமாக "நகலெடுப்பவர்" என்றுதான் இருக்கிறது. எதை நகலெடுத்தேன், யாரிடமிருந்து எடுத்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆர்டர் தாளில் "வரைந்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு, அதில் முதலில் முதலாளி தன் பெயரை எழுதினார், நாலு வருஷமாக அவருடைய மாப்பிள்ளை எழுதுகிறார். அந்த மாப்பிள்ளைக்கு நேராக ஒரு கோடு போட வராது. நீ அனுப்பிய மெஷினை நான் வேலைக்குக் கொண்டுபோக ஆரம்பித்ததும் அவருக்குக் கண் அதன்மேலேயே இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு பூவைத் திறப்பதற்குள் நான் இதில் ஒரு கிளையை முடித்துவிடுவேன், திரையில் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கிறது, லேசாகப் பிடித்தால் மெலிகிறது, காகிதத்தில் என் கை எப்படிப் போகுமோ அப்படியே போகிறது. பெரிய கடைகளுக்குத் துணி வாங்குகிற அம்மா ஒருவர் வருகிறார் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை என் மேஜைக்கு வந்து, "அக்கா, ஒரு நாளைக்கு அந்த லேப்டாப்பக் குடுங்க, மீட்டிங்ல கெத்தா இருக்கும்" என்றார். மெஷின் வந்தால் நானும் வருவேன் என்றேன். வேறு வழியில்லாமல், "சரி, ஓரமா உக்காருங்க, மக்கர் பண்ணினா மட்டும் பாத்துக்கங்க" என்றார். எனக்கு நாற்காலிகூடப் போடவில்லை, ஜன்னலோரம் துணி ரோலின்மேல் உட்கார்ந்தேன்.

அவர் லேப்டாப்பைக் கூடாரம் மாதிரி பாதி மடக்கி மேஜைமேல் நிறுத்தினார், திரை அந்த அம்மாவின் பக்கம். நான் ஆறு வாரம் வரைந்த திரைச்சீலைப் படம். "இத நான் போன மாசம் யோசிச்சேன் மேடம்" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த நீலம் மட்டும் கண்ணை உறுத்துகிறது, அதை எடுத்துவிட்டுக் காட்டுங்கள் என்றார். மாப்பிள்ளை திரையை அங்கே தட்டினார், இங்கே தட்டினார், கடைசியில் எதையோ தொட, லேயர் பட்டியல் முழுசாகத் திறந்துகொண்டது. உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு பூவும் இலையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற தனித்தனி லேயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். இத்தனை வருஷமாக முடிந்த படத்தை மட்டும்தான் கொடுப்பேன், லேயரை யாரும் பார்த்ததில்லை, அதனால் என் வாய்க்கு வந்ததையெல்லாம் பெயராக வைத்திருந்தேன். அந்த அம்மா மேலிருந்து சத்தமாகப் படித்தார். "வீட்டுக்காரர் காது." அது அந்த அகல இலை. "சின்னவள் பிடிவாதம்." அது எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலே ஏறுகிற கொடி, நீதான். "முதலாளி பேசும்போது போட்ட மொட்டு." நான் ரோலுக்குள் புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன். அடுத்தது, "மாப்பிள்ளை கேட்ட அசிங்க நீலம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு, "இத அசிங்கம்னு எழுதினது யாரு?" என்றார். நான் எழுந்து நின்று, நான்தான் என்றேன். "அப்போ வரைஞ்சதும் நீங்கதானே?" மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி குறுக்கே விழுந்து, "அவங்க நகலெடுக்கிறவங்க மேடம், நாங்க சொல்றத கோடு இழுப்பாங்க" என்றார். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. பத்தொன்பது வருஷம் ஒரு மனுஷியின் கையைப் பிடுங்கித் தன் தோளில் ஒட்டவைத்துக்கொண்டு, அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மா, கீழ்மூலை வெறுமையாக இருக்கிறது, ஒரு கிளை வேண்டும், இப்போதே போட முடியுமா என்றார். நாளைக்கு அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் லேப்டாப்பை எடுத்து, திரையை முழுக்கப் பின்னால் மடக்கிப் பலகையாக்கி, மேஜையில் படுக்கவைத்தேன். முதலாளி எழுந்தார், அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலில் நீலத்தை எடுத்தேன். பிறகு கிளை. துணியில் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும், அதனால் வலதுபக்கம் முடிகிற கிளை இடதுபக்கத்தில் அதே இடத்தில் தொடங்க வேண்டும், மயிரிழை தவறினாலும் மொத்தத் துணியிலும் வரிசையாகக் காயம் மாதிரி தெரியும். பதினோரு நிமிஷம் ஆனது. முடித்ததும் படத்தைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் காட்டினேன், எங்கே சேர்கிறது என்று அந்த அம்மா விரலால் தேடிப்பார்த்து, கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிட்டார். ஆர்டர் தாளை என் பக்கம் தள்ளி, "உங்க பேர நீங்களே எழுதுங்க. துணி ஓரத்துக் கரையில அச்சடிக்கும்போதும் அதே பேர்தான் வரணும்" என்றார். இனிஷியலோடு முழுசாக எழுதினேன், கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்துவிட்டது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, கரையில் கம்பெனி பெயர் போட்டுக்கொள்ளலாமா, நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே என்று குழைந்தார். குடும்பம் என்றால் இத்தனை நாள் என்னை வாசலில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கரையில் என் பெயர் ஏறாவிட்டால் நானும் என் லேப்டாப்பும் போகிறோம் என்றேன். என் பின்னால் மற்ற இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள், எங்கள் பெயரும் வேண்டும் என்று. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே. சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கும் சம்பளச் சீட்டில் "வடிவமைப்பாளர்" என்று மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் ரோல் அச்சு மெஷினை விட்டு வெளியே வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கரையோரம் ஒரு மீட்டருக்கு ஒரு தடவை என் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது, சாயம் கலக்குகிறவர் கைதட்டினார். ஒரு துண்டுக் கரையை அப்பா மணிபர்சில் வைத்துக்கொண்டு கண்டக்டரில் ஆரம்பித்து எல்லோரிடமும் காட்டுகிறாராம், முட்டிவலிகூட மறந்துவிட்டது.

நீ நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த முதுகோடும் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். திரையையே வெறித்துக்கொண்டிருக்காமல் அவ்வப்போது தூரத்தில் எதையாவது பார், காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. இன்னொன்று. போன மாதம் நீ வரைந்தது என்று ரயில் நிலையச் சுவரில் இருக்கிற பெரிய படத்தின் போட்டோவை அனுப்பினாய். இந்தத் திரையில் அதைப் பெரிதாக்கி நாலு மூலையும் பார்த்தேன், அடியில் உன் மேனேஜர் பெயர் இருக்கிறது. போனில் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் சிக்னல் சரியில்லை என்றாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உன் படத்தில் உன் பெயர் ஏன் இல்லை, பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா