லேமினேட் செய்த சான்றிதழ்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று விவாகரத்துக்காக உங்கள் மருமகனும் (இன்னும் அப்படித்தான் எழுத வருகிறது) நானும் இந்த நாட்டுப் பதிவு அலுவலகம் போனோம். இது முடிந்தால்தானே வேறு நாட்டில் எனக்காகக் காத்திருப்பவரிடம் போக விசா கிடைக்கும். கல்யாணச் சான்றிதழில் ரத்து முத்திரை குத்த வேண்டுமாம். கெட்டுப்போகக் கூடாதென்று நீங்கள் லேமினேட் செய்து கொடுத்தீர்களே, அதில் மை ஒட்டவேயில்லை. எழுத்தர் மூன்று முறை குத்திப் பார்த்தார். மூன்று முறையும் வழிந்துவிட்டது.

"மாமா எதைச் செஞ்சாலும் கெட்டியாத்தான் செய்வாரு" என்று உங்கள் மருமகன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

புதுச் சான்றிதழ் ஒன்று வாங்கி அனுப்புங்கள். லேமினேட் மட்டும் வேண்டாம். கூடவே உங்கள் சால்வையையும் வையுங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை, இங்கே குளிர்கிறது.

சலவைக்கூடத்தில் மணி அடித்துவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகள்

பி.கு: பழையது இனி உதவாது என்றார்கள். உங்கள் மருமகன்தான் மையைத் துடைத்து எடுத்துக்கொண்டார். மடிக்க முடியாததால் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினார்.